கேபிள் மோடமும் கழற்றாத பிளக்கும்

"அண்ணே, மோடம் வந்துருச்சு. ஆனா வயர் சொருக எடமில்ல."

போன புதன்கிழமை காலையில் என் தங்கை வசந்தி போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். குரலில் அழுகை கலந்திருந்தது. ஒரு மோடத்துக்காக யாராவது அழுவார்களா? அன்றைக்கு அவள் அழுததில் நியாயம் இருந்தது.

வசந்தி அம்பிட்டியவில் இருக்கிறாள். கண்டி டவுனில் ஒரு ஒபிசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த ஒபிசை இழுத்து மூடிவிட்டார்கள். பல மாதம் வீட்டில் இருந்து அலுத்துப்போய், ஒரு கொழும்புக் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை. புதன் பிற்பகல் மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. கூடவே ஒரு சோதனை: கம்பனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கொடுத்த சொஃப்ட்வெயாரில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த சொஃப்ட்வெயாரை அவளுடைய பழைய மேசைக் கொம்பியூட்டரில் ஏற்றிப் பதிவும் செய்தாகிவிட்டது. இனி வேறு மெஷினில் போய் உட்கார முடியாது.

இதற்கு நடுவில்தான் முந்தின வாரம் இடி விழுந்தது. டெலிபோன் வயர் வழியாக வந்து ரவுட்டரைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது. டெலிபோன் கம்பனியில் முறைப்பாடு கொடுத்தார்கள். "வருவோம்" என்று பதில் கிடைத்தது. எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்போது களத்தில் இறங்கியவர் என் தங்கையின் கணவர் செல்வா.

செல்வா டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். எங்கள் ஊரில் ஹாட்வெயார் என்றால் ஆணி, பெயின்ட், பிவிசி பைப். ஆனால் சொந்தக்காரர்களின் கணக்கே வேறு. கொம்பியூட்டர் பழுதானால் 'ஹாட்வெயார் பிரச்சினை' என்கிறார்கள்... செல்வா இருப்பதோ ஹாட்வெயார் கடையில்... பிறகென்ன? யார் வீட்டில் எது நின்றுபோனாலும் செல்வாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஒருநாள்கூட மறுத்ததில்லை. போய், மூடியைக் கழற்றி, தூசு ஊதிவிட்டு வருவார். சில நேரம் வேலையும் செய்துவிடும்.

செல்வாவின் அண்ணன் டொராண்டோவில் இருக்கிறார். ரவுட்டர் எரிந்த கதையைக் கேட்டு, அங்கிருந்து கண்டிக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பெட்டிக்குள் பளபளவென்று ஒரு கேபிள் மோடம். செல்வாவுக்குத் தெரிந்த மோடம் இரண்டே ரகம். சிம் போடுவது டொங்கிள். வயர் போவது கேபிள். ஆக, கேபிள் மோடம் என்றால் வயர் போகிற மோடம். வீட்டில் டெலிபோன் வயர் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நான் இருக்கிற மஹய்யாவவில் இருந்து த்ரீவீலர் பிடித்து போய்ச் சேர்ந்தபோது, மேசை மேல் அந்தப் பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. செல்வா அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டெலிபோன் வயர் போற ஓட்டையே இல்ல மச்சான். முறுக்கிற மாதிரி ஒண்ணுதான் இருக்கு. சரி, மொதல்ல கரண்ட குடுத்துப் பாப்போம்."

கையில் அடப்டர். அதன் தட்டைக் காலுக்கு ஏற்ற மாதிரி ஒரு மாற்றுப் பிளக்கும் கடையிலிருந்து கொண்டு வந்திருந்தார். சுவருக்கு அரை முழம் இருக்கும்போது நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. அடப்டரைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தேன். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தது. கனடாக் கரண்ட் அது. நம் சுவரில் வருவது ஏறத்தாழ அதில் இரண்டு மடங்கு. சொருகியிருந்தால் அந்த வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டாவது பெட்டி எரிந்திருக்கும்.

"இப்ப என்ன செய்யிறது மாப்பிள்ள?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

விஷயத்தைக் கொஞ்சம் அவிழ்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கனடா அண்ணன் இருக்கலாம்.

மோடம் வேறு, ரவுட்டர் வேறு. வெளியிலிருந்து வருகிற சிக்னலைக் கொம்பியூட்டருக்கு விளங்குகிற மாதிரி மாற்றித் தருவது மோடம். அதை வீட்டில் இருக்கிற போன், டிவி, கொம்பியூட்டருக்கெல்லாம் பங்குபோட்டுக் கொடுப்பது ரவுட்டர். இங்கே இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் வருவதால், நாம் வாயில் வந்த பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். இதுவரை அதனால் பெரிய நட்டமும் இல்லை.

ஆனால் கேபிள் மோடம் என்பதில் உள்ள 'கேபிள்', கேபிள் டிவியின் கேபிள். அங்கெல்லாம் டிவி வருகிற அதே தடித்த வயரில் இன்டர்நெட்டும் வரும். அந்த முறுக்குகிற ஓட்டை அதற்காகத்தான். அதிலும் எந்த மோடமும் எந்தக் கம்பனியோடும் பேசிவிடாது. இரண்டு பக்கமும் பேச ஒரு பொதுவான தரம் வைத்திருக்கிறார்கள். டொக்சிஸ் என்று பெயர். 2.0, 3.0, 3.1 என்று வளர்ந்துகொண்டே போகிறது. மோடம் புதியது, கம்பனி பழையது என்றால் பரவாயில்லை, மோடம் இறங்கிவந்து பழைய வேகத்தில் பேசும். அந்த மோடத்தைக் கம்பனி தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

செல்வாவின் அண்ணன் அனுப்பியது 3.1. நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. ஆனால் வசந்தி வீட்டுக்கு வருவது டெலிபோன் லைன். அதன் பாஷையே வேறு. ரயிலே போகாத ஹேவாஹெட்டைக்கு எஞ்சின் அனுப்பின மாதிரி. எஞ்சின் புத்தம்புதுசு, தண்டவாளம் எங்கே?

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

வீடு ஒரு பள்ளத்தில் இருக்கிறது. போன் சிக்னல் வாசலில் ஒரு கோடு காட்டும், உள்ளே வந்தால் அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. வேலிக்கு அந்தப் பக்கம் பரீனா ராத்தா வீடு. எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். தையல் வேலை செய்கிறவர். மகள் கத்தாரில். மகளோடு பேசுவதற்காகவே ஃபைபர் லைன் எடுத்திருக்கிறார். வசந்தி கேட்டதும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். மகளின் பெயர்தான் பாஸ்வேர்ட்.

பிரச்சினை தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்?

மேசைக் கொம்பியூட்டருக்கு வைஃபை வராது. நாம் 'சிபியு' என்று சொல்லும் அந்தப் பெரிய பெட்டி உண்மையில் சிபியு இல்லை. சிபியு என்பது உள்ளே இருக்கிற ஒரு சில்லு. பெட்டிக்குள் அதோடு மதர்போர்ட், ரேம், டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் இருக்கும். வைஃபை வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கார்ட் இருக்க வேண்டும். லெப்டொப்பில் சொல்லாமலே இருக்கும். பழைய மேசைப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. செல்வா மூடியைக் கழற்றிப் பார்த்தார். தூசு இருந்தது. கார்ட் இல்லை.

வசந்தி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்ணே. போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிர்றேன்."

அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை மாதத்தில் ஒருநாளும் 'முடியாது' என்று சொன்னவள் இல்லை. அப்போதுதான் அவள் கையில் இருந்த போன் என் கண்ணில் பட்டது.

போன் ராத்தாவின் வைஃபையைப் பிடிக்கும். போனை யூஎஸ்பி வயரில் கொம்பியூட்டரோடு இணைத்தால், பிடித்த வைஃபையைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும். செட்டிங்ஸில் 'டெதரிங்' என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய் யூஎஸ்பியை ஓன் பண்ணினால் போதும். மேசையை ஜன்னலுக்கு இழுத்தோம். போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். கொம்பியூட்டர் திரையின் மூலையில் சின்ன அடையாளம் ஒன்று எழும்பியது.

இணைப்பு வந்துவிட்டது. வசந்தி முகம் கழுவப் போனாள். செல்வா பிளேன்டீ ஊற்ற அடுப்படிக்குப் போனார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கண்டியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் இடி இடிக்கும். முதல் முழக்கத்துக்கே ஊர் முழுக்க ஒரே வேலைதான். டிவி பிளக், ஃப்ரிட்ஜ் பிளக், ரவுட்டர் பிளக்... ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒபிசில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணி "கழட்டிட்டீங்களா?" என்று கேட்பார்கள். என்ன கழற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பள்ளத்தில் முதலில் கழற்றுகிற ஆள் யார் தெரியுமா? பரீனா ராத்தா. முன்பொரு தடவை இடியில் அவருடைய டிவியும் தையல் மெஷின் மோட்டாரும் சேர்ந்து போயிருந்தன. அதிலிருந்து அவர் முழக்கத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை. வானம் கறுத்தாலே போதும்.

மூன்று மணிக்குத் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. வசந்தி வணக்கம் சொன்னாள். சோதனை ஆரம்பமானது. முதல் இடி தூரத்தில் உருண்டது.

செல்வாவின் கை தன்னையறியாமல் சுவர் சுவிட்ச் பக்கம் போனது. நான் தலையை ஆட்டினேன். அவர் கையை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொம்பியூட்டரும் எரியலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வசந்திக்கும் தெரியும். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

எனக்கு வேறு பயம். ராத்தாவிடம் பாஸ்வேர்ட் மட்டும்தானே கேட்டோம்? இடிக்கும்போதும் விட்டுவையுங்கள் என்று சொல்லவில்லையே. எந்த வாயால் அதைப் போய்ச் சொல்வது? எரிந்தால் அது அவருடைய பெட்டி.

இரண்டாவது இடி கிட்டத்தில் விழுந்தது. லைட் ஒருதரம் மங்கிப் பிரகாசித்தது. மழை இறங்கியது. நான் பின்கதவால் வேலியைத் தாண்டி ஓடினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ராத்தாவின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. முன் அறையில் டிவி வயர் தரையில் கிடந்தது. ஃப்ரிட்ஜ் வயர் கிடந்தது. தையல் மெஷின் வயரைச் சுற்றிக் கட்டியே வைத்திருந்தார். மூலையில் ரவுட்டரின் பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, ராத்தா உட்கார்ந்திருந்தார். உதடு ஓதிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தயும் கழட்டிட்டன் தம்பி. இது மட்டுந்தான் ஈக்கி. தங்கச்சி பேசிட்டீக்கிற தானே."

"ராத்தா, எரிஞ்சிருச்சுன்னா..."

"எரிஞ்சா அந்திக்கி மகளோட பேச ஏலா. அவ்வளவுதான்." அடுத்த இடியில் கண்ணை இறுக மூடித் திறந்தார். "எனக்குப் பயம்தான். நீங்க கொஞ்சம் இரிங்க."

இருந்தேன். ஃபைபர் வயர் உள்ளே கண்ணாடி நூல், அதன் வழியாக இடி வராது என்று சொல்லித் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் சுவர்க் கரண்ட் வழியாக வருமே... இரண்டு பேரும் அந்தப் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மின்னலுக்கும் அவர் கை பிளக் வரைக்கும் போகும், திரும்பி மடிக்கு வந்துவிடும். அவருடைய அந்தக் கையைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. வசந்தி தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடி வந்தாள். "ராத்தா, முடிஞ்சிருச்சு. ஒரு தரம்கூட நிக்கல."

"முடிஞ்சா?" என்றார் ராத்தா. குனிந்து பிளக்கை ஒரே இழுப்பில் கழற்றினார். பச்சை லைட் அணைந்தது. அதற்குப் பிறகுதான் வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப் பேசின?" என்று கேட்டார்.

கம்பனியிடமிருந்து இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை. டெலிபோன்காரர்களும் வரவில்லை. கனடா மோடம் அலுமாரி மேல் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்தியில் ராத்தாவின் மகள் வழக்கம்போலக் கோல் எடுத்திருக்கிறாள். லைன் நன்றாக இருந்ததாம்.

டொக்சிஸில் அடுத்த தரம் என்ன நம்பரில் வரும் என்று செல்வா என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த உயர்ந்த தரம், இடி முழக்கத்தில் கழற்றாமல் விட்ட அந்த ஒரு பிளக்தான்.