வருகையில் விடுபட்ட இருவர்

பத்து வயதில் நான் என் இரட்சிப்பை இழந்தேன். பதிலுக்குக் கிடைத்தது இருபத்து நான்கு வண்ணப் பென்சில்கள் கொண்ட ஒரு பெட்டி. அதிலும் ஊதா நிறம் முதல் நாளே உடைந்துபோயிற்று.

அப்போது நாங்கள் மலேசியாவின் கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில், இருந்தோம். வேதக்காரக் குடும்பம், மழையோ வெயிலோ, ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆலயத்தில் மூன்றாவது வரிசை எங்களுடையது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா வீட்டில் என் நாலு வயதுத் தம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எனக்கோ நல்ல தொண்டை. ஆலயப் பாடகர் குழுவில் முன்னால் நின்று கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை அது. அதன்மேல் எங்கள் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் கண் வைத்துவிட்டார்.

பக்கத்து வட்டாரத்துக் கோயில் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதிகம் பாடும் போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு சைக்கிள். “ரெண்டே ரெண்டு பதிகம் மனப்பாடம் பண்ணு, சைக்கிள் உனக்குத்தான்” என்றார் டீச்சர். வீட்டில் பாட்டுப் போட்டி என்று சொன்னேன். எந்தப் பாட்டு என்று அம்மா கேட்கவில்லை. தம்பி அப்போது சோப்பைத் தின்றுகொண்டிருந்தான். நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு பாரம் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொன்னார்கள். நம் நாட்டில் நூலகத்தில் சேர்வதென்றாலும் பாரத்தில் ‘சமயம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. கிறிஸ்தவம் என்று போட்டால் ‘நீ ஏம்மா இங்க வந்த?’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ? மண்டபத்து மூலையில் சைக்கிள் சிவப்பாக, கைப்பிடியில் ரிப்பன் கட்டி நின்றுகொண்டிருந்தது. நான் அதை ஒருமுறை பார்த்தேன். பிறகு ‘இந்து’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். வரிசையில் நின்ற எல்லாருக்கும் பூசியதுபோல் எனக்கும் நெற்றியில் திருநீறு பூசினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். பாடும்போது குரல் நன்றாகத்தான் வந்தது, பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே உருகியது. ஆனாலும் மூன்றாம் பரிசான வண்ணப் பென்சில் பெட்டிதான் கிடைத்தது. சைக்கிள் செராஸிலிருந்து வந்த ஒரு பையனோடு போய்விட்டது.

வேனில் திரும்பும்போது கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுகூடப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வினை மறுநாள் மதியச் சாப்பாட்டோடு வந்தது.

அன்று பந்திங்கிலிருந்து அத்தை வந்திருந்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா, குடும்பத்தில் மூத்தவர், பெந்தெகொஸ்தே சபைக்காரர். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். அன்றைக்கு ‘ஆமென்’ சொன்ன கையோடு சித்தப்பாவைப் பற்றிய பேச்சை எடுத்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருந்தார். ஏர்கோன் என்று நாங்கள் சொல்லும் ஏசி பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு காலத்தில் எங்கள் ஆலயத்தில் கிட்டார் வாசித்தவர்; எனக்கு முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவர் மனைவி, எங்கள் சின்னம்மா, நோயில் படுத்தபோது குடும்பமே உபவாசம் இருந்து ஜெபித்தது. சின்னம்மா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு சித்தப்பா கிட்டாரை ஆலயத்திலேயே விட்டுவிட்டு, “இனிமே என்ன யாரும் கூப்புடாதீங்க. எனக்கு இதுல நம்பிக்க இல்ல” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அது நடந்து எட்டு மாதமாகியிருந்தது. புத்தி சொல்லப் போன அத்தையோடு அதற்குப் பிறகு அவர் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை.

“தெரிஞ்சே மறுதலிச்சவனுக்கு மறுபடி வழி கெடையாது தம்பி” என்றார் அத்தை. “கெடச்ச இரட்சிப்ப சின்னவன் அவனே தூக்கிப் போட்டுட்டான்.”

“அப்படிலாம் போயிடாதுக்கா. நாமளா ஆண்டவரு கைய புடிச்சிருக்கோம்? அவருதான நம்ம கைய புடிச்சிருக்காரு” என்றார் அப்பா.

“புடிச்ச கைய உதறிட்டு ஓடுறவன என்ன பண்றது?”

அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்தது. அத்தையிடம் அந்தப் பதிலுக்கு இன்னொரு வசனம் இருந்தது. இருவரும் வேதத்தைப் புரட்டப் புரட்ட, இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் வந்துகொண்டே இருந்தது. “சோறு ஆறுது, ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு சண்ட போடுங்க லா” என்றார் அம்மா.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிஞ்சே மறுதலிச்சவன் என்று அத்தை சொன்னது சித்தப்பாவை. ஆனால் கட்டம் பார்த்து, பேனா பிடித்து, எழுத்துமூலமாக மறுதலித்தவள் நான் அல்லவா? அதற்கு முந்திய ஆண்டுதான் விடுமுறை வேதப் பள்ளியில் கையை உயர்த்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்டிருந்தேன். தேதி போட்டுக் கையெழுத்திட்ட அட்டைகூட என்னிடம் இருந்தது. அத்தை சொல்வது சரியென்றால் அந்த அட்டை செல்லாது, எனக்கு நரகம். அப்பா சொல்வது சரியென்றால் தப்பித்தேன். எது சரியென்று யாரிடமாவது கேட்கலாம், ஆனால் கேட்டால் பாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்ணப் பென்சில் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தேன்.

புதன்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். பள்ளி வேன் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று.

கேட் திறந்து கிடந்தது. உள்ளே காலெடுத்து வைத்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. தம்பி பாதி தின்ற வாழைப்பழம் தரையில் கிடந்தது. அம்மாவின் கைப்பேசி சார்ஜரில் மாட்டியபடி மேசைமேல் இருந்தது. அம்மாவின் செருப்பும் தம்பியின் செருப்பும் வாசலில் அப்படியே இருந்தன. “அம்மா!” என்று கூப்பிட்டேன். என் குரல்தான் அறைக்கு அறை போய்த் திரும்பியது.

எங்கள் ஞாயிறு பள்ளியில் வருகையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆண்டவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். கண்ணிமைக்கும் நேரத்தில் தம்மை நம்பியவர்களை மட்டும் மேலே எடுத்துக்கொள்வார். அடுப்பில் சோறு கொதித்தபடி இருக்கும், கழற்றிய செருப்பு கழற்றிய இடத்தில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள். நான் மெல்ல நடந்து சோற்றுப் பானையைப் பார்த்தேன். ரைஸ் குக்கர் சூடாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே சீன ஆன்டி இருப்பார். அவரும் சீன மொழியில் ஆராதனை நடக்கும் ஆலயம் ஒன்றுக்குத் தவறாமல் போகிறவர். அவர் வீட்டுக் கதவும் ஆவென்று திறந்து கிடந்தது, ஆன்டியைக் காணோம். எதிர்வீட்டைப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் முருக பக்தர். அவர் விடப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை, பாவமாகத்தான் இருந்தது. அம்மா எங்கே என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்கவில்லை.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. வீட்டுக்குள் ஓடிவந்து வீட்டுப் போனில் அத்தையின் எண்ணை அழுத்தினேன். அப்பாவின் கைப்பேசி வேலை நேரத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும், அவரை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அத்தை அப்படியல்ல. பந்திங் வட்டாரத்திலிருந்து ஒரே ஒருவரை மேலே எடுப்பதாக இருந்தாலும் அது அத்தையாகத்தான் இருக்கும். இதில் எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. அத்தை எடுத்து ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டால் போதும், வருகை இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறை கூப்பிட்டேன். அத்தை எடுக்கவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்போது எனக்குத் தோன்றியது நரகம்கூட இல்லை. இனி தலை பின்னிவிட ஆள் இல்லையே என்றுதான் முதலில் அழுகை வந்தது.

அழுகைச் சத்தத்துக்குச் சமையலறைப் பின்கட்டில் ஏதோ உருண்டு விழுந்தது. சாத்திக் கிடந்த கதவைத் தள்ளிப் பார்த்தால், துணி துவைக்கும் இடத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கையில் போன். பக்கத்தில் அவருடைய கருவிப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து, “நீ இருக்கியா!” என்று கத்திக்கொண்டே என்னை வாரி அணைத்துக்கொண்டார். எலும்பு நொறுங்குகிற மாதிரி அப்படி ஒரு அணைப்பு.

“நீங்களும் போகலியா சித்தப்பா?” என்றேன் நான், அவர் சட்டைக்குள்ளிருந்து.

“எங்க?”

“மேல. அம்மா, தம்பி, சீன ஆன்டி, அத்தை எல்லாரும் போயிட்டாங்க. நம்ம ரெண்டு பேரயும் மட்டும் விட்டுட்டாங்க. நீங்க மறுதலிச்சிட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க. நானும் மறுதலிச்சிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். பாரம், கட்டம், திருநீறு, சிவப்பு சைக்கிள், மூன்றாம் பரிசு. சித்தப்பா கேட்டுக்கொண்டே வந்தவர், பென்சில் பெட்டிக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. நான் நரகத்துக்குப் போவது அவருக்கு வேடிக்கையா?

முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் குந்தினார். “இங்க பாரு. நீ அந்தக் கட்டத்துல போட்டப்ப ஆண்டவர் வேணாம்னு நெனச்சியா, சைக்கிள் வேணும்னு நெனச்சியா?”

“சைக்கிள்.”

“அவ்ளோதான? அந்தப் பாரம் கோயில் ஆபீஸுக்கு. மேல இருக்கறவரு பாரத்தப் பாத்தா ஆள் சேக்குறாரு?”

“அத்தை வழியே இல்லன்னாங்களே.”

சித்தப்பா என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். “மூணு நாளா பயந்துகிட்டே இருந்தியா?” என்றார். தலையை ஆட்டினேன். “அப்படின்னா நீ விடல. நெசமாவே விட்டுட்டவங்களுக்கு இந்தப் பயம் வராது. வருகையாவது ஒண்ணாவதுன்னு போயிக்கிட்டே இருப்பாங்க. பயம் இருக்குதுன்னா உன் கை இன்னும் அவரு கைக்குள்ளதான் இருக்குது. வெளங்குதா?”

விளங்கியது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதை இன்றும் என்னால் உணர முடிகிறது. மூச்சு முழுசாக உள்ளே போனது. உடனே பசியும் வந்தது.

“அப்ப உங்களுக்குப் பயம் வராதா சித்தப்பா?” என்றேன்.

“மொதல்ல தண்ணி குடி” என்று சொல்லி எழுந்து போய்க் கருவிப் பெட்டியை நிமிர்த்தி, சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அரை மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டார். மேலிருந்து அல்ல, டாக்சியிலிருந்து. வெறுங்காலோடு, இடுப்பில் தம்பியோடு. சீன ஆன்டி குளியலறையில் வழுக்கி விழுந்து அலறியிருக்கிறார். அம்மா போட்டது போட்டபடி பின்வாசல் வழியாக ஓடி, அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்திருந்தார். ஏர்கோன் ஒழுகுகிறதென்று சித்தப்பாவை மதியம் வரச் சொன்னதையே அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார். “ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். “இப்பதான் அண்ணி” என்றார் சித்தப்பா. நான் அம்மாவின் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இவளுக்கு என்ன வந்தது என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

பதிகப் போட்டியில் எந்தச் சமயப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம் என்று டீச்சர் பிற்பாடு சொன்னார். அது வேறு கதை.

சாயங்காலம் அத்தை கூப்பிட்டார். அம்மா சமைத்துக்கொண்டே பேச வசதியாக ஒலிபெருக்கியில் போட்டார். சித்தப்பா கூடத்தில் ஏணிமேல் நின்று ஏர்கோனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“உபவாச ஜெபத்துல இருந்தேன்மா, போன் பையில கெடந்துச்சி. இப்ப எடுத்துப் பாக்கறேன், உங்க வீட்டு நம்பர்லேர்ந்து நாலு தடவ வந்திருக்கு. அது சரி. அதுக்கு முந்தி ஒண்ணரை மணிலேர்ந்து சின்னவன் நம்பர்ல ஆறு தடவ! எட்டு மாசமா எங்கிட்ட பேசாதவன் ஆறு தடவ கூப்புட்டிருக்கான். நான் திருப்பிக் கூப்புட்டா எடுக்க மாட்டேங்கறான். அவனுக்கு என்னா ஆச்சி?”

அம்மா கரண்டியைப் பிடித்தபடி கூடத்துப் பக்கம் திரும்பினார். சித்தப்பா தலையை ஏர்கோனுக்குள் நுழைத்துக்கொண்டு, “தெரியாம அமுங்கிடுச்சின்னு சொல்லுங்க அண்ணி” என்றார்.

அம்மா அவர் முதுகையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “தெரியாம அமுங்கிடுச்சாம் அண்ணி” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார். கண்ணை எதற்கோ துடைத்துக்கொண்டார்.

ஆறு முறையும் எப்படித் தெரியாமல் அமுங்கும் என்று நான் யோசிக்கவில்லை. நம்பிக்கையே இல்லை என்று சொன்ன மனிதர், ஆளில்லாத வீட்டில் அரை மணி நேரம் எதற்காக அந்த ஒரு எண்ணையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் என்றும் யோசிக்கவில்லை. விட்டுவிட்டவர்களுக்கு அந்தப் பயம் வராது என்பது அவர் எனக்குச் சொன்ன ஆறுதல் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.