ஜாய்ஸ் டீச்சரின் மூன்றாவது ரவுண்டு

ஜாய்ஸ் டீச்சர் வீட்டு ஷோகேஸில் ஆறு தங்கப் பதக்கங்கள் தொங்குகின்றன. கே.கே. நகரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து யாரிடம் கேட்டாலும், "குங்ஃபூ டீச்சரா? அந்தா, பச்சை கேட்டு" என்று கை காட்டுவார்கள். ஆறும் மாநில அளவுப் போட்டிகளில் வாங்கியவை. காற்றில் கையை வீசிக் காட்டும் பிரிவில் அல்ல; கையுறை மாட்டி, நெஞ்சுக்குக் கவசம் கட்டி, எதிராளியை நிஜமாகவே அடிக்கும் சண்டைப் பிரிவில். ஆனால் ஆறு பதக்கத்துக்கும் சேர்த்து அவள் வாங்கிய அடி ஒன்றுகூட இல்லை. கொடுத்த அடியும் இல்லை.

எப்படி என்றால், ஆள் வராது. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் போட்டிக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பதினெட்டைத் தாண்டியதும் படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்வார்கள். மிஞ்சுகிற நாலைந்து பேரை எடைவாரியாகப் பிரித்தால் ஒரு எடைக்கு ஒருத்திதான் தேறுவாள். ஜாய்ஸ் சிவப்பு மூலையில் போய் நிற்பாள். நடுவர் நீல மூலையைப் பார்த்து மூன்று முறை கூப்பிடுவார். யாரும் வரவில்லை என்றதும் ஜாய்ஸின் கையைத் தூக்கிப் பிடிப்பார். கைதட்டல், போட்டோ, பதக்கம். மறுநாள் காலை பிரேயரில் தலைமையாசிரியை சால்வை போர்த்துவார். ஜாய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பள்ளி விட்ட பிறகு மாணவிகளுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்க சங்கிலி மாஸ்டர் வந்தார். பகலில் கப்பலூரில் லேத் ஓட்டுகிற மனிதர், சாயங்காலமானால் மாஸ்டர். பிள்ளைகளோடு ஒரு டீச்சர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சரான ஜாய்ஸை உட்கார வைத்தார்கள். இரண்டு வாரம் விடைத்தாள் திருத்தியபடி உட்கார்ந்திருந்தவள், மூன்றாவது வாரம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் மணல் மூட்டையை உதைப்பது அவள் வழக்கமாகிவிட்டது. மணல் மூட்டை திருப்பி அடிக்காது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

இந்த வருஷம் அந்தக் குறை நெஞ்சை அறுக்க ஆரம்பித்தது. சண்டைப் பிரிவுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. மே மாதம் அவளுக்கு அது முடிகிறது. அதற்குப் பிறகு சண்டை கிடையாது. ஒரே ஒரு நிஜச் சண்டை போடாமல் இந்த வித்தையிலிருந்து இறங்க வேண்டியதுதானா என்று நினைத்தாலே அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

மார்ச் மாதம் சங்கிலி போன் செய்தார்.

"டீச்சர், ஆளு கெடச்சிருச்சு! எழுமலைல ஒரு புள்ள, முத்துமீனான்னு பேரு. மில்லுல வேல பாக்குது. அம்பத்திநாலு கிலோ. உங்க வெயிட்டுத்தேன். நம்மதேன் இந்தத் தடவ போட்டிய நடத்துறோம்."

ஜாய்ஸ் அன்றிலிருந்து மணல் மூட்டைக்கு முத்துமீனா என்று பேர் வைத்து உதைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அது தவக்காலம். அவள் மாமியார் பிலோமினாள் இருக்கிற வீட்டில் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதுவும் உள்ளே வராது. வெள்ளிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடுதான். ஜாய்ஸும் சின்ன வயதிலிருந்து அப்படியே இருந்து பழகியவள். ஒரு பக்கம் ரசம் சாதம், மறுபக்கம் தினம் இரண்டு மணி நேரம் உதை. சுடிதார் தொளதொளவென்று ஆனதைப் பார்த்து, உடம்பு நன்றாக இறுகிவருகிறது என்று சந்தோஷப்பட்டாள். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் புத்தி போன இடத்தைப் பாருங்கள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலைப் பூசையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கணவன் ஸ்டீவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அது ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடி நின்றது. உள்ளே எடை பார்க்கும் மெஷினில் ஏறினாள்.

ஐம்பது கிலோ எண்ணூறு.

"என்ன டீச்சர், பாதியாப் போயிட்டீங்க?" என்றார் சங்கிலி.

"தவக்காலம் மாஸ்டர்."

அவர் ஒரு நிமிஷம் தாளைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சுன்னு வைங்க. நீங்க அம்பத்திரண்டுக்குள்ள வந்துட்டீங்க. அந்தப் புள்ள அதுக்கு மேல. உங்களுக்கும் ஒரு தங்கம், அதுக்கும் ஒரு தங்கம். ஒருத்தருக்கும் மனக்கஷ்டமில்ல."

ஜாய்ஸுக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. "எத்தனை மணிக்கு எடை முடியும்?"

"எட்டரைக்கு. எதுக்கு?"

அவள் மனக்கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஏழாம் வகுப்புப் பாடம். ஸ்டீவைக் கடைக்கு விரட்டினாள். ஸ்டீவ் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். அதிகம் பேச மாட்டான். இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலும் நாலு வாழைப்பழமும் வாங்கி வந்தான். மண்டபத்துப் பந்தி அறையில் உட்கார்ந்து ஜாய்ஸ் ஒன்றரை லிட்டர் குடித்துத் தீர்த்தாள்; பழத்துக்கு வயிற்றில் இடமில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. பாத்ரூம் பக்கம் தலைவைத்துப் பார்க்காமல், குலுங்காமல் அடி மேல் அடி வைத்து நடந்து, எட்டு இருபத்தைந்துக்கு மறுபடி மெஷினில் ஏறினாள்.

ஐம்பத்திரண்டு கிலோ முந்நூறு.

"எழுதுங்க மாஸ்டர்," என்றாள். எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாத்ரூமுக்கு ஓடினாள்.

மதியம் இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். சிவப்பு மூலையில் போய் நின்று, பழக்க தோஷத்தில் நீல மூலையைப் பார்க்கப் பயந்தாள். பார்த்தாள். அங்கே ஒரு ஆள் நின்றது! மாநிறம், இறுக்கிப் பின்னிய சடை, இருபத்திரண்டு வயதுக்குத் திண்ணென்ற தோள். முத்துமீனா. ஜாய்ஸுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாம் போல இருந்தது.

ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம். மூன்றில் இரண்டு ரவுண்டு எடுப்பவர் ஜெயித்தவர். மணி அடித்தது. ஜாய்ஸ் உதைத்தாள், பட்டது. குத்தினாள், அதுவும் பட்டது. மண்டபம் முழுக்க அவள் பள்ளிப் பிள்ளைகள், "மிஸ்! மிஸ்!" என்று கத்தினார்கள். ஏழு வருஷ உழைப்பு வீண்போகவில்லை என்று உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. ஒரு நிமிஷம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தாள். இதைச் சொல்ல அவளுக்கே பிற்பாடு கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தாள். முத்துமீனாவின் குத்து விசையாகப் புறப்பட்டு வந்து, கவசத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது. உதை வந்து இடுப்பைத் தொட்டது; தூசி தட்டுகிற மாதிரி. அந்தப் பெண்ணின் கண் ஜாய்ஸ் மேல் இல்லை. ஓரத்தில் கைகட்டி நின்ற தன் மாஸ்டர் கருப்புவைப் பார்த்துப் பார்த்து மீண்டது.

மணி அடித்தது. நாலு மூலை நடுவர்களும் சிவப்புக் கொடியைத் தூக்கினார்கள்.

"மாஸ்டர், அந்தப் பொண்ணு அடிக்கவே மாட்டேங்குது," என்றாள் மூச்சு வாங்க.

சங்கிலி துண்டால் விசிறினார். "அதக் கண்டுக்காதீங்க டீச்சர். நம்ம மண்டபம்ல? போன வருசம் எழுமலைல அவுங்க நடத்துனப்ப நம்ம பயலுக விட்டுக் குடுத்தாய்ங்க. இப்பக் கருப்பண்ணே திருப்பிச் செய்யுறாரு. மாஸ்டர்களுக்குள்ள ஒரு மரியாத. எப்பவும் உள்ளதுதேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா ஒத்துக்குவீகளாக்கும்?"

இந்தச் சீமையில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மொய்யை வந்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவர்கள் அடியையும் மொய்யாக்கிவிட்டார்களே! அதுவும் அவள் வாங்க வேண்டிய அடியை, அவளைக் கேட்காமல்!

இரண்டாவது ரவுண்டுக்கு நடுவில் வந்து நின்றதும், பல்லுக்கு மாட்டியிருந்த ரப்பர் கார்டைக் கையுறைக்குள் துப்பிக்கொண்டு சொன்னாள்: "இந்தா பாரும்மா. மே மாசத்தோட எனக்கு வயசு முடியுது. இதுக்கு மேல எனக்குச் சண்டையே கெடையாது. நீயும் அடிக்கலேன்னா நான் யார்ட்டப் போயி அடி வாங்குறது?"

முத்துமீனா திருதிருவென விழித்தாள். "கருப்பண்ணே வைவாரு டீச்சர்."

"உங்கண்ணனா இங்க நிக்கிறாரு? நீதான நிக்கிற?"

நடுவர், "பேசக் கூடாது" என்று விலக்கினார். மணி அடித்தது. ஜாய்ஸ் கார்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள். "டீச்சர், கைய மேல தூக்குங்க!" என்று சங்கிலி அலறினார். அவள் தூக்கவில்லை. முத்துமீனா ஒருமுறை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

முதல் குத்து நெஞ்சுக் கவசத்தில் விழுந்தது. ஜாய்ஸ் இரண்டடி பின்னால் போனாள். அடுத்து வந்தது பக்கவாட்டு உதை. கவசம் முடிகிற இடத்துக்குக் கீழே, விலாவில். அவளுக்கு மூச்சே நின்றுபோனது. விழுந்தது தெரியவில்லை, மண்டபத்து மின்விசிறி மேலே சுற்றுவது தெரிந்தது. நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறில் எழுந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த ஐம்பது விநாடிதான் சண்டை. ஜாய்ஸ் நாலு வாங்கினால் ஒன்று கொடுத்தாள். கொடுத்த அந்த ஒன்றில் முத்துமீனாவின் தலை ஒருமுறை பின்னுக்குப் போய் வந்தது. கார்டு தெரிய அந்தப் பெண் சிரித்துவிட்டு, இன்னும் ஓங்கி அடித்தாள். பயமாக இருந்தது, வலித்தது, இன்னும் வேண்டும் என்றிருந்தது. மணி அடித்துவிட்டது.

அவள் கணக்கில் ஆளுக்கு ஒரு ரவுண்டு. மூன்றாவதுதான் முடிவு. ஜாய்ஸ் மூலைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கார்டை மறுபடி கடித்துக்கொண்டு திரும்பினாள்.

நாலு மூலையிலும் சிவப்புக் கொடி.

நடுவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். மண்டபம் கைதட்டியது. விழுந்தது அவள், எண்ணியது அவளுக்கு, ஜெயித்ததும் அவளேயாம்.

"மூணாவது ரவுண்டு எங்க?" என்றாள்.

"அதான் ரெண்டு ரவுண்டும் உங்களுக்கே வந்துருச்சே," என்றார் நடுவர்.

"நான் அப்பீல் பண்றேன்."

தலைமை நடுவர் விதிப் புத்தகத்தை நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். "தோத்தவங்க அப்பீலுக்குத்தேன் ரூல் இருக்கு டீச்சர். ஜெயிச்சவங்க அப்பீலுக்கு ஒன்னுமே போடலையே."

ஜாய்ஸ் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சங்கிலி கெஞ்சினார். சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்றார், மானம் போகுது என்றார். கருப்பு தன் பங்குக்கு முத்துமீனாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ரெண்டே நிமிஷம். மூணாவது ரவுண்ட வைங்க, எந்திரிச்சுப் போறேன்," என்று ஜாய்ஸ் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அடுத்த சண்டைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் நின்றார்கள். சண்டைக்கு முன்னால் சாப்பிட்டால் வாந்தி வரும் என்று காலையிலிருந்து சாப்பிடாத பிள்ளைகள். அதில் ஒன்று அவள் ஆறாம் வகுப்பு ஷெரின். கண் வரை இறங்கிய தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மிஸ், எங்களுக்கு எப்ப மிஸ்?" என்று கேட்டாள்.

ஜாய்ஸ் எழுந்து வெளியே வந்தாள். கோபத்தில் காது இரண்டும் சுட்டது.

கை கழுவுமிடத்தில் முத்துமீனா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"நெசமா அடிச்சா இப்படி இருக்கும்னு எனக்கும் இன்னைக்குத்தேன் தெரியும் டீச்சர்," என்றாள். கொஞ்சம் தயங்கி, "ஆனில எங்க ஊர்ல வைக்கிறோம். வாங்களேன்," என்றாள்.

"அதுக்குள்ள வயசு முடிஞ்சிரும். வந்தாலும், அங்க நீதானே ஜெயிக்கணும்?"

முத்துமீனா சிரிக்கப் போனாள். உதடு வலித்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு நாவல் பழ நிறத்தில் கன்றியிருந்தது. விரலால் அமுக்கினால் உயிர் போனது. மறுபடி அமுக்கினாள். ஸ்டீவ் துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியவே போறதில்ல ஸ்டீவ்," என்றாள். "அந்த ரவுண்டுல நான் ஜெயிச்சிருப்பனா, தோத்திருப்பனான்னு."

ஸ்டீவ் ஐஸை அவள் விலாவில் வைத்தான். யாருடைய ரிப்போர்ட்டையும் மாற்றி எழுதிப் பழக்கமில்லாதவன்.

"தோத்துத்தான் இருப்ப," என்றான்.

"அதத்தான கேட்டேன்," என்றாள் ஜாய்ஸ். "அதக்கூடக் குடுக்க மாட்டேன்னுட்டாய்ங்களே."