பழைய பாலத்தில் தீர்த்தக்குடம்

குன்றுதோறும் நின்றருளும் குமரப் பெருமானே, அருவருப்பைச் சொல்லப் புகும் என் நாவில் பொய் சேராமல் காத்தருள்க.

இவ்வாண்டு ஆடிப் பதினெட்டாம் நாள், நல்ல நேரம் பார்த்து, தென்பெண்ணையின் பழைய பாலத்தில் தீர்த்தக்குடம் சுமந்து நடந்தேன். என் தந்தையின் காலத்தில் மாட்டுவண்டிகளும், பின்னர் தருமபுரிப் பேருந்தும் சென்ற பாலம் அது. பக்கத்தில் புதிய பாலம் எழுந்ததும் இதன் இரு முனைகளையும் இடுப்பளவுச் சுவர் வைத்து அடைத்தார்கள். அதன்பின் புதிய பாலத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே தீர்த்தம் கொண்டுவந்தோம். இந்த ஆடியில்தான் சுவரை இடித்து, நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறந்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் முருகன் கோயில் சேரும்வரை குடத்தைத் தரையில் இறக்கலாகாது. காலில் செருப்பும் ஆகாது. அக்கரை மணலில் ஊற்றுத் தோண்டி முகந்த நீரை அந்த நியமம் பிழையாமல் என் கையாலேயே அபிஷேகத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுதல்.

பாதிப் பாலம் கடப்பதற்குள் காறி உமிழத் தோன்றியது. கைப்பிடிச் சுவர் நெடுகப் புகையிலை எச்சில். கீழே மணலில் கோழிக்கடைக் கழிவு மூட்டைகள் வாய் பிளந்து கிடந்தன. பிள்ளைகளின் மலத்துணியை நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. ஆற்றைத் தாயென்று கும்பிட்டு மஞ்சள் இடுவதும் இதே கைகள்தாம். இவர்களும் மனிதரா என்று, பின்னால் வந்த மனைவியிடம் இகழ்ந்துகொண்டே நடந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் சுவர் இருந்த முனையில் உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது. மனைவி குனிந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கினாள். இடிபாட்டுக்குள் சாமி படங்களின் குவியல். பழைய படத்தைக் குப்பையில் போடுவது பாவம் என்று அந்தச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம்; வெள்ளம் வந்து கொண்டுபோகுமாம். அத்தனை உயரத்துக்கு வெள்ளம் எப்படி ஏறும் என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் ஒரு சட்டத்தைத் தூக்கித் துடைத்தாள். வேலவன் நெற்றியில், வீட்டில் இருந்தபோது அவள் வைத்த சந்தனப் பொட்டு.

“ஏங்க, இது நம்ம வூட்டுப் படங்க. ஆத்தோட போயிரும்னு நீங்கதான கொண்டாந்து வெச்சீங்க? சாமி எங்கயும் போகலீங்க. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்காரு.”

காறி உமிழத் தோன்றியது, இம்முறை என்மீதே. இரத்தம் வழியும் காலோடு சந்நிதி மிதிக்கலாகாது. குடத்தைத் தரை தொடாமல் அவள் தலைக்கு மாற்றினேன். தீர்த்தம் அவள் கையால் போய்ச் சேர்ந்தது. நான் படத்தை அணைத்தபடி கோயிலுக்கு வெளியே, வெயிலில் நின்றேன்.

இதனைப் படிக்கும் எல்லோருடைய பாதங்களும் ஊறின்றிச் சந்நிதி சேர்க. அவர்கள் இல்லத்துத் தெய்வம் என்றும் இல்லத்திலேயே வீற்றிருந்து காக்க.