இறங்கும் நேரத்து இரைச்சல்

விமானத்தில் தலைமைப் பணிப்பெண் அவள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேனர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ஸ்கேனர். அது அவளுக்கும் தெரியும். பல வருடமாகப் பயணிகளைப் பார்த்துப் பார்த்து, யாரையும் லேசில் நம்பாத சுபாவம் வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டேன் என்று சொல்பவரின் வாயை அவள் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பாள். போர்வைக்குள் மினுக்கும் வெளிச்சம் எங்கிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை அவள் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கும்வரை கணவர் படிக்கட்டில் காத்திருப்பார். "பூட்டு கோவிச்சுக்கப் போகுது, வா" என்பது அவருடைய மாறாத கிண்டல்.

அப்படிப்பட்டவள் மேலேயே புகார் வந்தது.

விமானம் இறங்கும் நேரத்தில் கேப்டனின் ஹெட்போனில் ஒரு இரைச்சல். டிட்டிட் டிட்டிட் என்று ஆரம்பித்து டர்ரென்று நீளும். யாரோ செல்போனை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள்; தரை நெருங்க நெருங்க அது சிக்னலைத் தேடி ரேடியோவுக்குள் புகுந்து பிறாண்டுகிறது. ஒருநாள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த உத்தரவில் பாதியை விழுங்கியே விட்டது. எவ்வளவு உயரத்துக்கு இறங்கச் சொன்னார்கள் என்று கேப்டன் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. அத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? கேபினில் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் இனிப் பறக்க முடியாது, கீழே பெட்டிகளை எடை போடும் கவுண்டர்தான் என்று சொல்லிவிட்டார்.

பறப்பதைத் தவிர வேறு எந்த வேலையிலும் அவளுக்கு மனம் ஒட்டியதில்லை. அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தாள். அளவுக்கு மீறிச் சிரித்தவரைச் சந்தேகித்தாள். சிரிக்கவே சிரிக்காதவரை இன்னும் அதிகமாகச் சந்தேகித்தாள். ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, சட்டைப்பையில் என்ன என்று கேட்டாள். அது கண்ணாடிக்கூடு.

பயணிகள் முடிந்ததும் சந்தேகம் சொந்த ஆட்கள் பக்கம் திரும்பியது. நிச்சயம் ஆன நாளிலிருந்து எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் புதுப் பணிப்பெண்தான் குற்றவாளி என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். எல்லாருடைய போனையும் வாங்கித் தன் கையாலேயே அணைத்து, ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினாள்.

"என்னையே சந்தேகப்படறீங்களாக்கா?" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

"உன்னை மட்டும் இல்லம்மா" என்றாள் இவள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அன்றைக்கும் இரைச்சல் வந்தது. ரேடியோ மெக்கானிக் வந்து செட்டையும் வயரையும் துருவிப் பார்த்துவிட்டு, கருவியில் பழுதில்லை என்றார். இவ்வளவு பலமாகக் கேட்க வேண்டுமானால் அந்தப் போன் பின் சீட்டில் இருக்க முடியாது, ரொம்பக் கிட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கிட்டத்தில் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த முறை காலையில் வேறொரு கேப்டன் ஓட்டினார். அதே விமானம், அதே துணை விமானி, அதே பணிப்பெண்கள். இரைச்சல் இல்லவே இல்லை. மத்தியானம் பழைய கேப்டன் ஏறினார், இரைச்சலும் கூடவே ஏறிவிட்டது. ஸ்கேனருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

பயணிகள் இறங்கி முடிந்ததும் காக்பிட் வாசலில் போய் நின்றாள்.

"சார், உங்க பையை ஒரு தடவை பாக்கணும்."

துணை விமானி திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினார். கேப்டனின் முகம் சிவந்தது. என் போன் அணைத்துச் சட்டையில்தான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்.

"என்னையா சந்தேகப்படறீங்க?"

"பையைத்தான் சார் கேட்டேன்."

கோபத்தோடு பையைச் சீட்டில் கவிழ்த்தார். சட்டை, காலுறை, மாத்திரை டப்பா. போதுமா என்பதுபோல் பார்த்தார். அவள் நகரவில்லை. காலிப் பைக்குள் கையை விட்டு அடியிலிருந்த அட்டையை அழுத்திப் பார்த்தாள். ஒரு மூலை மேடாக இருந்தது. அட்டையைத் தூக்கினாள். கைக்குட்டையில் சுற்றி ஒரு போன், முழு சார்ஜோடு, உயிரோடு இருந்தது. திரையில் ஒரு வரைபடம். இந்த விமான நிலையத்தின் மேல் ஒரு நீலப் புள்ளி. பை போகிற இடத்தையெல்லாம் யாருக்கோ அது காட்டிக்கொண்டிருந்தது.

கேப்டன் மூலையில் இருந்த விரிசலைத் தடவிப் பார்த்தார். அவர்கள் வீட்டில் தொலைந்துபோன பழைய போன் அது. சோபாவுக்கு அடியில்கூடத் தேடினார்கள். அவர் மனைவியும் கூடக் குனிந்து தேடினாள். ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தப் பையை அடுக்கித் தருகிறவளும் அவள்தான். துணை விமானி முதல்முறையாகப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்: டீ குடிக்கப் போவதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

அவரைப் பார்க்க ஸ்கேனருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சுபாவம் விடுமா? பெண்டாட்டி இவ்வளவு தூரம் போக இவர் என்ன செய்தாரோ என்று ஒரு எண்ணம் ஓடியது. அது முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் பண்ணல" என்றார்.

அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

கேபின் மேல் தப்பில்லை, தன் பையில்தான் ஒரு போன் அணைக்காமல் இருந்தது என்று இன்றைக்கே எழுதிக் கொடுப்பதாக அவர் சொன்னார். யார் வைத்தது என்று எழுதப் போவதில்லை. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இனி ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் அவள் கண்ணெதிரே அதை அணைப்பதாகவும், இறங்கிய பிறகு போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

"திரும்ப எதுக்கு சார் போடணும்? வீட்ல நேராவே கேட்டுடலாமே."

"கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சா இன்னொண்ணு வைப்பா. அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுப் போனைக் கைக்குட்டையில் சுற்ற ஆரம்பித்தார். அத்தனை பெரிய விமானத்தைப் பூப்போல இறக்குகிற கை, அந்தத் துணியோடு மல்லாடியது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"குடுங்க சார். மடிப்பு இந்தப் பக்கம் இருந்துச்சு. அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

வாங்கி, முன்பு இருந்தது போலவே மடித்து, அதே மூலையில் வைத்து அட்டையை மூடினாள். மூடிய பிறகு ஒருமுறை அழுத்தியும் பார்த்தாள். அந்த மனைவியின் இடத்தில் இவள் இருந்திருந்தால், யாரோ எடுத்து வைத்ததை நிச்சயம் கண்டுபிடித்திருப்பாள்.