காத்தவராயன் சட்டி

முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்த ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கே நூல் வேகவைக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டிகள் மூன்று. ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் சிவப்பு நூல் கட்டிய ஒரு மண்சட்டி. அசிட்டிக் ஆசிட் கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பட்டறையில் புளிப்புத் தண்ணி என்பார்கள். காலையில் வந்ததும் சட்டிகளில் அதை மாற்றி ஊற்றிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். அந்தச் சட்டிக்குக் காத்தவராயன் சட்டி என்று பெயர். பெயருக்கு உரியவர் பட்டறையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் வந்த கதை இது. நூலைக் காஸ்டிக்கில் வேகவைத்து எடுத்தால் வழவழவென்று இருக்கும். எத்தனை முறை அலசினாலும் அது முழுசாகப் போகாது. புளிப்புத் தண்ணியில் ஒரு முக்கு முக்கினால் போய்விடும். விரலில் தேய்த்துப் பார்த்து, நூல் வழுக்காமல் பிடித்தால் காஸ்டிக்கின் காரம் செத்தது என்று அர்த்தம். சாயப்பட்டறைக்காரன் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

1974 ஆவணியில் ஒரு நாள், நூலைத் தூக்கிய மூங்கில் கழி ஒடிந்து, வடிவேலின் முகத்தில் காஸ்டிக் தெறித்தது. வடிவேலும் காத்தவராயனும் ஒரே தெரு, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வடிவேல் தடுமாறிப் போய்ப் பக்கத்திலிருந்த அலசுகிற தொட்டியில் முகத்தைக் கவிழ்த்தார். தலை சாய்ந்து விழுந்ததில் இடது கண் மட்டும் தண்ணீருக்குள் இருந்தது. காத்தவராயன் ஓடிவந்து அவர் காலரைப் பிடித்து இழுத்தார்.

“தண்ணியில அது போவாதுடா! நிமுருடா!”

வடிவேல் திமிறித் திமிறி மறுபடியும் தண்ணீருக்கே போனார். மூன்றாவது இழுப்பில்தான் வந்தார். காத்தவராயன் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, வலது கண்ணில் குவளை குவளையாகப் புளிப்புத் தண்ணி ஊற்றினார். வலது கண் போய்விட்டது. இடது கண் தப்பியது.

“புளிப்புத் தண்ணி ஊத்தலன்னா ரெண்டும் போயிருக்கும்” என்றார் ராஜாங்கம் மேஸ்திரி. மறுநாளே சட்டிகளைத் தொங்கவிட்டவரும் அவர்தான். வடிவேலுக்கு வாசல் காவல் வேலை கொடுத்தார்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் அவர் முதலில் ஸ்டோரைக் கைகாட்டுவார். “இந்தக் கண்ணு எனக்கு அவன் குடுத்தது.”

ஐந்து வருடம் அப்படிப் போனது. 1979இல் முதலாளி அரிகிருஷ்ணன் பிரெஞ்சு நாட்டு மார்செய்யிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. அவருடைய மருமகன் அந்த ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஆபத்தான சரக்குகளைப் பற்றித் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் புத்தகம் அது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்திருந்த காத்தவராயன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று எழுத்துக் கூட்டினார். தெரியாத வார்த்தைக்குப் பென்சிலால் புள்ளி வைத்து, சனிக்கிழமை முசேயிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்.

புத்தகத்தின் வரிசைதான் அவரை முதலில் பிடித்தது. அதில் சரக்குகள் பெயர்ப்படி அடுக்கப்படவில்லை, உடம்பை என்ன செய்யும் என்பதன்படி அடுக்கியிருந்தார்கள். ஒரே சரக்குக்கு முசே ஒரு பெயர் சொல்வார், மெட்ராஸ் வியாபாரி வேறு பெயர் எழுதுவார், தொட்டியடியில் நிற்பவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். பெயர் எதுவானாலும் அது உடம்பில் செய்யும் வேலை ஒன்றுதான் என்று காத்தவராயனுக்குப் பட்டது. வாங்கிய தேதிப்படி வைத்திருந்த ஸ்டோரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இறக்கி மாற்றினார். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பலகைகளில் படம் வரைந்தார். தொட்ட இடத்தைப் பொசுக்குவதற்குக் கண். மூச்சில் போய் நெஞ்சைப் பிடிப்பதற்கு மூக்கு. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே போய் இரத்தத்தைக் கெடுப்பதற்கு நீல உதடு.

சாயவேலைக்கு வாங்கும் நைட்ரைட் நீல உதட்டுப் பலகைக்குப் போனது. பார்வைக்கு அது அச்சு அசல் தூள் உப்பு. அதுவரை சோறு தின்னும் இடத்துக்கு எதிரில் ஓர் ஊறுகாய் ஜாடியில் இருந்தது. பிளீச்சிங் பவுடருக்குக் கண்ணும் மூக்கும் இரண்டும் வரைய வேண்டியிருந்தது. அதை ஆசிட் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதால் எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார்.

“என்னாண்ணே, ஸ்டோர்ல மூஞ்சி வரைஞ்சி வெச்சிருக்கீங்க? காது ஒண்ணுதான் பாக்கி” என்று நூல் அலசும் சின்னப்பாப்பா கிண்டல் செய்தாள்.

“சொன்னா கேக்கறவங்க வந்தா காதும் வரையறேன்” என்றார் அவர்.

பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது கார்த்திகை ஆகிவிட்டது. கண்ணில் காஸ்டிக் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே நாலு வரி இருந்தது. அந்த நாலு வரியிலும் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. எல்லா வார்த்தையும் புரிந்தது. இருந்தும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முசேயிடம் போனார். சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

முசே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “உடனே ஓடுற தண்ணி. இமையைப் பிரிச்சிப் புடிச்சி, பதினஞ்சி நிமிஷத்துக்குக் கொறையாம. வேற எதுவும் கண்ணுல ஊத்தக் கூடாது. எண்ணெய் கூடாது. காரத்தை அடக்கறதுக்குன்னு ஆசிட்டும் கூடாது.”

“ஏன்னு போட்டிருக்குதா, முசே?”

“கீழ இருக்குது. ரெண்டும் சேர்ந்தா சூடு கெளம்பும். காரம் நொடிக்கு நொடி உள்ள எறங்கிக்கினே இருக்கும், அதைக் கழுவி வெளிய தள்ளணும்.” பிறகு காத்தவராயனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வலது கண்ணுல அப்பவே ஜாஸ்தியா பட்டிருக்கலாம், காத்தவராயா. யாருக்குத் தெரியும்?”

“இடது கண்ணு தண்ணியில இருந்துது, முசே. அது எனக்குத் தெரியும். மூணு தரம் இழுத்தேன்.”

மறுநாள் ராஜாங்கம் மேஸ்திரியிடம் சட்டிகளை எடுத்துவிடலாம் என்றார். மேஸ்திரி சிரித்தார். “வெள்ளைக்காரன் பொஸ்தகத்துக்குத் தெரியறது என் கைக்குத் தெரியாதா? வாசல்ல போய்ப் பாரு, சாட்சி உக்காந்துகினு இருக்குது. உன் பேருடா அது!”

சட்டி வடிவேலின் கதையில் தொங்கிக்கொண்டிருந்தது. கதையை அவிழ்த்தால் வடிவேலின் சிநேகம் போய்விடும். அவிழ்க்காவிட்டால் அடுத்த ஆளின் கண் போகும். இருபது நாள் தினமும் காலையில் காத்தவராயன் சட்டிகளை எண்ணிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

இருபத்தோராம் நாள் பதினொரு மணி டீயை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டு கிளாஸ். ஒன்றை வடிவேலிடம் கொடுத்தார்.

“வடிவேலு, அன்னிக்கு நான் பண்ணது தப்புடா.”

“என்னிக்கு?”

“நீ தண்ணியில முகத்தை வெச்ச பாரு, அதான் சரி. நான் இழுத்திருக்கக் கூடாது. புளிப்புத் தண்ணி ஊத்தியே இருக்கக் கூடாது. பொஸ்தகத்துல போட்டிருக்குது. முசேவும் படிச்சிட்டாரு.”

ஒரு சைக்கிள் ரிக்‌ஷா போனது, வடிவேல் அதைப் பார்த்தார்.

“எந்தக் கண்ணு தண்ணியில இருந்துது?”

“எடது.”

வடிவேல் கையை எடுத்து வலது கண்ணை மூடினார். பிறகு டீயை அப்படியே படியில் வைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

நான்காம் நாள் வந்தார். வாசலில் உட்காரவில்லை. நேரே தொட்டியடிக்குப் போய், மூன்று சட்டிகளையும் ஆணியிலிருந்து கழற்றிக் கால்வாயில் கவிழ்த்தார். ராஜாங்கம் மேஸ்திரி கத்திக்கொண்டு வந்தார்.

“டேய், என்னாடா பண்ற?”

“மேஸ்திரி, என் கண்ணை வெச்சித்தான இதை மாட்டினீங்க? என் கண்ணே சொல்லுது, எடுங்க.”

கண் கழுவப் பைப் போட முசே சம்மதித்தார். மோட்டார் நின்றாலும் ஓட வேண்டும் என்று மேல்தொட்டியிலிருந்து தனிக் குழாய் கேட்டார் காத்தவராயன். குழாயைத் திருப்பத் தேவையில்லாமல் தட்டினாலே திறக்கிற பிடி, தண்ணீர் மெதுவாக மேல்நோக்கி வர ஒரு ரப்பர் டியூப். டியூப் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று குட்டையான சின்னப்பாப்பாவையும் நெட்டையான மேஸ்திரியையும் குனியவைத்துப் பார்த்தார்.

ஒரு விஷயம் மட்டும் காத்தவராயனுக்கும் புத்தகத்துக்கும் தோன்றவில்லை. வடிவேலுக்குத் தோன்றியது. “கண்ணுல பட்டவன் கொழாயைப் பாத்துக்கினா போவான்?” என்று கேட்டு, ஒவ்வொருவர் கண்ணையும் தன் துண்டால் கட்டி, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் குழாய் வரை நடக்கவிட்டார். மாதம் ஒரு தடவை. முதல் தொட்டியிலிருந்து ஏழு காலடி, மூன்றாவதிலிருந்து பன்னிரண்டு. மேஸ்திரி முதல் மாதம் சுவரில் முட்டிக்கொண்டார், பட்டறையே சிரித்தது.

இவ்வளவும் செய்தவர், காத்தவராயனோடு வேலைப் பேச்சுக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு மணி டீயை வாசலில் தனியாகக் குடித்தார். காத்தவராயனும் ஸ்டோரில் தனியாகக் குடித்தார்.

1982 மாசியில் மூன்றாவது தொட்டியில் நூல் சரிந்து விழுந்தது. காஸ்டிக் சின்னப்பாப்பாவின் இரண்டு கண்ணிலும் தெறித்தது. அவள் அலறினாள், ஆனால் நிற்கவில்லை. கண்ணை மூடியபடி பன்னிரண்டு காலடி வைத்துக் குழாயைத் தட்டினாள். காத்தவராயன் ஓடிவந்து இமைகளைப் பிரித்துப் பிடித்தார். வடிவேல் வாசல் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“போதும்ண்ணே, எரிச்சல் கொறைஞ்சிடுச்சி” என்றாள் அவள்.

“அஞ்சி நிமிஷம்தான் ஆச்சி. வாயை மூடு, கண்ணைத் தொற!” என்றார் வடிவேல்.

பதினைந்தும் முடிந்தது. இன்னும் ஐந்து என்றார் காத்தவராயன், வடிவேல் அதையும் எண்ணினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. அங்கே பார்த்த டாக்டர், முதலில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். வெறும் தண்ணீர் என்றதும் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பத்தாம் நாள் சின்னப்பாப்பா வேலைக்கு வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். வாசலில் வடிவேல் இரண்டு விரலைக் காட்டி மறித்தார்.

“எத்தினி?”

“ரெண்டு. உங்களுக்கு ஒண்ணாத் தெரியுதாண்ணே?”

வடிவேல் அடக்க முடியாமல் சிரித்தார். பதினொரு மணிக்கு இரண்டு கிளாஸோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தார். கண், மூக்கு, நீல உதடு என்று பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாத்தையும் வரைஞ்சிட்ட. டீயை எங்கடா வெக்கறது?”

“இங்க எதையும் வெக்காத” என்றார் காத்தவராயன், பதறி எழுந்து. “வா, வெளிய போய்க் குடிக்கலாம்.”