மூணு படிப்பும் ஒரு பொட்டியும்

அடிப்பாவி, நீ வந்து முழுசா நாலு நாள் ஆவல, அதுக்குள்ள கத கேக்கறியா? மத்த வூட்டுலலாம் ஷிப்ட்டுக்குப் போறப்ப எங்க போன வாங்கி வெச்சிக்கறாங்க, நீ மட்டும் ஏன் ஆயா கைய பின்னால கட்டிக்கறன்னு கேக்கற. உனுக்கு இன்னாத்துக்குடி அது? ரூம்புதான வாடகைக்கு வுட்டேன், என் வயித்துல கீறதையும் சேத்தா வுட்டேன்? சரி, குந்து. வெளிய போய் ஊதின, குளிக்கறப்ப மோட்டார நிறுத்திடுவேன்.

செம்பரம்பாக்கத்த தொறந்து வுட்டு ஊரே மெதந்துச்சே, அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி. அப்ப பின்னால ஆறு ரூம்புலயும் தெக்கத்திப் பொண்ணுங்க. போனுக்கு சார்ஜர் செய்யற கம்பெனில வேல. சார்ஜர் செய்யலாம், ஆனா போன உள்ள எடுத்துனு போவக் கூடாது. கேட்டுல வாங்கி வெக்கறவன் கீறல் போட்டுத் தரான்னு, ஷிப்ட்டுக்குப் போறப்ப ஆறும் என் கையில குடுத்துட்டுப் போவும். ஒண்ணொண்ணையும் பழைய சாக்ஸுல போட்டு முறுக்கு டின்னுல அடுக்கி வெப்பேன். மொத்த ஊர்லயும் ஆறு போன் வெச்சிருந்த பொம்பள நான்தான்.

அப்பலாம் போனுல ஒரு எழவெடுத்த பொட்டி வரும். பாட்டு வெக்கட்டா, ஜோசியம் அனுப்பட்டான்னு கேட்டுக்கினு நடுவுல வந்து குந்திக்கும். ஆமான்னு அமுக்கிட்டா ரீசார்ஜ் போட்ட காசு அத்தினியும் பூடும். வுட்டு வெச்சா அதுவே ஆமான்னு எடுத்துக்கும்னு பொண்ணுங்களுக்கு ஒரு பயம். அதனால எனுக்கு டிரெய்னிங் குடுத்துச்சுங்க. "ஆச்சி, வலது பக்கம் இருக்கது ஆமாம், இடது பக்கம் இருக்கது வேண்டாம். பொட்டி வந்தா இடது பக்கம் அமுக்கிருங்க." எழுத்துதான் தெரியாது, சோத்தாங்கை பீச்சாங்கை கூடவா தெரியாது? டின்னுக்குள்ள டிங்குன்னா ஓடுவேன், பீச்சாங்கை பக்கம் ஒரு அமுக்கு. சாயங்காலம் வந்தா பெருமையா சொல்லுவேன், இன்னிக்கு மூணு பொட்டிய சாவடிச்சேன்டின்னு.

நாலாவது ரூம்புல ஒருத்தி, சோடா புட்டி கண்ணாடி. திருநெல்வேலி பக்கம். அவ அந்தப் போனுலயே படம் வரையறது படிச்சிக்கினு இருந்தா. பூ, மயில் இல்ல. மெசின் பாகம். நட்டு, போல்ட்டு, பல்லு சக்கரம், எல்லாத்தையும் ஸ்கேல் இல்லாம வெறும் பென்சில்லயே போடணும். போட்டு, போட்டோ புடிச்சி அனுப்பினா, எங்கியோ குந்திக்கினு ஒரு வாத்தியாரு மார்க்கு போடுவாரு. மொத்தம் மூணு படிப்பு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. என் மிக்ஸி ஜார ஒரு நாளு நடுவுல அறுத்த மாரி வரைஞ்சி வெச்சிருந்தா, உள்ள கீற பிளேடு, வாசரு எல்லாம் தெரியுது.

"ஏண்டி, என் மிக்ஸிய அறுத்துட்டியே, சட்னி எங்க அரைப்பேன்?"

"அறுத்தாத்தான் ஆச்சி உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

"அப்ப என்னையும் அறுத்து ஒரு படம் போடு."

"உங்கள அறுத்தா வெத்தலச் சாறுதான் வரும்."

வாயி அப்படி. ஆனா சும்மா படிக்கல அவ. கம்பெனில ஆர்டரு கொறஞ்சி காண்ட்ராக்ட் பொண்ணுங்கள கழிச்சிக்கினு வந்தான். அடுத்த மாச லிஸ்ட்டுல அவ பேரு. அவ அப்பன் போன் போட்டு சொல்லிட்டான்: வேல இருக்கற வரைக்கும் அங்க இரு, வேல போச்சின்னா வந்து தாய்மாமனுக்கு கழுத்த நீட்டு. மாமனுக்குப் பொண்டாட்டி செத்து ரெண்டு புள்ளைங்க. பெரிய புள்ளைக்கும் இவளுக்கும் ஏழு வயசுதான் வித்தியாசம். இவ அழுவல. ஒரகடத்துல பார்ட்ஸ் பண்ற கம்பெனி ஒண்ணுல படம் வரையற செக்சன்ல ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நேரா போய் நின்னா. அந்த ஆபீசரு, மூணு படிப்பும் முடிச்ச சர்டிபிகேட் கொண்டா, எடுத்துக்கறேன்னான். ரெண்டு முடிச்சிட்டா. மூணாவதுல நாலு படம் பாக்கி.

சோறு தின்னாம வரைஞ்சா. நான் ஊட்டி வுட்டேன், வாய மட்டும் தொறப்பா, கண்ணு பேப்பர்ல. கடைசிப் படத்த அனுப்பிட்டு அன்னிக்குதான் சிரிச்சா. "ஆச்சி, அந்த மூணு பழைய படிப்பையும் எடுத்துட்டு, ஒரே புதுப் படிப்பா போடப் போறாங்களாம். என் மார்க்க அப்படியே அதுல ஏத்திருவாங்க. ரெண்டு நாள்ல சர்டிபிகேட்."

மறுநாளு காலைல ஷிப்ட்டுக்குப் போய்ட்டா. நான் கீர ஆஞ்சிக்கினு இருந்தேன். டிங்குன்னுச்சு. சாக்ஸ உருவிப் பாத்தா பொட்டி. கொஞ்சம் பெரிய பொட்டி, எழுத்து நெறைய. ஜோசியக்காரன் இப்ப பெருசா ஏமாத்தறான் போலன்னு நெனச்சேன். கீரக் கைய பொடவையில தொடச்சிக்கினு பீச்சாங்கை பக்கம் அமுக்கினேன். பூட்டுது. சாக்ஸுல போட்டு மூடிட்டு மிச்சக் கீரைய ஆஞ்சேன்.

சாயங்காலம் வந்தவ போன தொறந்தா. மூணு படிப்பும் காணோம். அங்க ஒரே ஒரு புதுசு கீது, அவ பேருக்கு நேரா முட்ட. மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தா. அணைச்சிட்டு திரும்பப் போட்டா. முட்டதான்.

"ஆச்சி, இன்னைக்கு பொட்டி ஏதும் வந்துச்சா?"

எல்லா நாளும் மாரி பெருமையா சொல்ல வாயத் தொறந்தேன். அவ மூஞ்சப் பாத்தேன். "இல்லியே"ன்னேன். அவ்ளோ சுலுவா வந்துச்சு அந்தப் பொய்யி.

அந்தப் படிப்புக்காரங்களுக்கு எழுதிப் போட்டா. மூணாம் நாளு பதில் வந்துச்சு, எனுக்குப் படிச்சி சொன்னா. பழைய மார்க்க புதுசுக்கு மாத்தட்டான்னு ஒரு தடவதான் கேப்பாங்களாம். அன்னிக்கு காலைல பதினோரு மணிக்குக் கேட்டாங்களாம், வேணான்னு வந்துச்சாம். பழச அழிச்சாச்சாம். புதுப் படிப்ப மொதல்லேருந்து படிக்கலாம், ஆறு மாசமாவும், சந்தோசம்.

"பதினோரு மணிக்கு நான் லைன்ல நின்னேன் ஆச்சி." அவ்ளோதான் சொன்னா.

நான் அடுப்பப் பாக்கறாப்ல எழுந்து பூட்டேன். ஊர்ல எல்லார் வாயையும் அடைக்கறவ நான். அவளும் அதுக்கு மேல கேக்கல. காறித் துப்பியிருந்தா தேவல. மறுநாளு காலைல ஷிப்ட்டுக்குப் போறப்ப எப்பவும் போல போன சாக்ஸுல போட்டு என் கையில குடுத்துட்டுப் போனாடி. அதுதான். அதுக்கப்பறம் ஒருத்தி போனையும் கையில வாங்கனதில்ல.

வரைஞ்ச நோட்டு அஞ்சையும் தூக்கிக்கினு ஒரகடம் போனா. நானும் கூடப் போனேன், கேட்டுக்கு வெளிய நின்னேன். ஆபீசரு பொரட்டிப் பாத்தானாம், நல்லாத்தான் கீதுன்னானாம். ஆனா நோட்டுல யாரு வேணா வரையலாம்மா, சர்டிபிகேட் எங்கன்னானாம். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல சீட்டு கெடச்சும் குந்தல. கம்பியப் புடிச்சிக்கினு சுங்குவார்சத்திரம் வரைக்கும் நின்னுக்கினே வந்தா. நான் குந்திக்கினு அவ முதுகயே பாத்துக்கினு வந்தேன். சொல்லிடு, சொல்லிடுன்னு உள்ள அடிச்சிக்கிச்சு. சொல்லி இன்னா ஆவப் போவுதுன்னு நானே எனுக்கு சமாதானம் சொல்லிக்கினேன்.

மாசம் முடிஞ்சதும் அவ அப்பன் வந்தான். நல்ல மனுசன்தான், எனுக்குக் கருப்பட்டி எடுத்தாந்தான். துணிய மூட்ட கட்டினாங்க. நோட்டுங்கள எடுத்துக்கடின்னேன். "அங்க என்னத்துக்கு ஆச்சி"ன்னா. பழைய பேப்பர்காரனுக்கு அவளே போட்டா. போறப்ப எங்கால்ல வுழுந்தா பாரு. என் தலையில அவ கால வெச்சிருக்கணும்.

அடுத்த நாளு தண்ணி லாரிகிட்ட பொம்பளைங்க மொய்ச்சிக்கினாங்க. "ஏங்க்கா, அந்தக் கண்ணாடிப் பொண்ணு நல்லாதான படிச்சிக்கினு இருந்துச்சு? ஏன் பூட்டுது?"

"படிப்ப மாத்திட்டானுங்கடி. பழசு மூணையும் தூக்கிட்டு புதுசு ஒண்ணு போட்டானுங்களாம். அவ படிச்சது அத்தினியும் செல்லாதுன்னுட்டானுங்க"ன்னேன்.

"நாசமாப் போவ"ன்னு ஒருத்தி ஆரம்பிச்சா. அப்பறம் எல்லாரும் சேந்து மண்ண வாரித் தூத்தினாங்க, கையி வெளங்காம போவன்னு. நானும் கொடத்த கீழ வெச்சிட்டு கூடவே தூத்தினேன். எல்லார விட என் சத்தம்தான் பெருசா கேட்டுச்சு.