தட்டைத் தூக்கினது என் தப்பாம்

கம்பெனி கேன்டீன்ல சாப்பிட்ட தட்டை நாமளே எடுத்துட்டுப் போய்ப் போடணும். அதே பழக்கத்துல, இன்னைக்கு ஒரகடம் ஹோட்டல்ல தோசை சாப்பிட்டதும் தட்டோட கிச்சனுக்குள்ளயே போயிட்டேன்.

டேபிள் துடைக்கிற அக்கா மறிச்சுட்டாங்க. "இன்னாபா, என் வேலைக்கு ஆப்பு வைக்கிறியா? முதலாளி பார்த்தா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு. வெச்சுட்டுப் போ!"

வெச்சுட்டேன்.

பக்கத்து டேபிள்ல எங்க லைன் சூப்பர்வைசர். தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எங்களுக்குச் சுத்தத்தைப் பத்திக் கிளாஸ் எடுக்கிற மனுஷன். சாம்பார் மிதக்கிற தட்டுலயே கையைக் கழுவிட்டு எழுந்து போனாரு.

அக்கா அவரைக் காட்டி, "பார்த்துக் கத்துக்கோ. அவரு மாதிரி ஆளுங்களாலதான் எங்க வூட்ல அடுப்பு எரியுது"ன்னாங்க.

நாளைக்கு அவர் அதே கையை நீட்டி "சுத்தம்"னு ஆரம்பிக்கும்போது நான் எப்படிச் சிரிக்காம நிக்கிறது? ஐடியா இருந்தா சொல்லுங்கப்பா.